அடுத்தவர் மண்ணில் ஒரு கொல்லாமரம்

நாங்கள் குடியிருக்கும் நக்காலாவில் யாரும் யார் வீட்டுக்குள்ளும் சட்டென்று நுழைந்துவிட மாட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று கையைத் தட்டி "லிசென்சா" என்பார்கள். வரலாமா என்று அர்த்தம். பதில் வரும்வரை வெயிலோ மழையோ அங்கேயே நிற்பார்கள். வந்த புதிதில் என்னைத்தான் யாரோ பாராட்டிக் கைதட்டுகிறார்கள் என்று நினைத்துப் பல்லைக் காட்டியிருக்கிறேன். தூத்துக்குடியில் பக்கத்து வீட்டுக்காரி "ஏளா செல்வி, என்ன கொழம்பு?" என்று என் மனைவியைக் கேட்கும்போதே சட்டியின் மூடி அவள் கையில் இருக்கும்.

நக்காலா, மொசாம்பிக் நாட்டின் வடக்கே ஒரு துறைமுகம். போர்ச்சுக்கீசியர் ஆண்ட மண். இங்கே ஒரு முந்திரிக் கிட்டங்கியில் எனக்கு வேலை. மூட்டைக்கு ஒரு கைப்பிடி கொட்டையை எடுத்து வெட்டிப் பார்த்து, பருப்பு தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டும். வாசலில் மக்குவா மொழி பேசும் விவசாயிகள், தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குஜராத்திகள், அரபுச் சொல் கலந்து பேரம் பேசும் கடற்கரை முஸ்லிம்கள் என்று எப்போதும் கூட்டம்தான். நான் தேறும் என்று சொன்ன மூட்டைகள் கப்பலேறித் தூத்துக்குடிக்குப் போகின்றன. பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த மரம் முந்திரி. இங்கேயும் வேர் பிடித்தது, உடன்குடிப் பக்கம் எங்கள் தேரிக்காட்டுச் செம்மணலிலும் வேர் பிடித்தது. நாங்கள் அதைக் கொல்லாமரம் என்போம். என்னைப் போல அதுவும் பிழைக்க வந்ததுதான் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் கெட்டேன். எங்கள் மகள் மீனா இங்கேதான் பிறந்தாள். அவளுக்கு மூன்று வயதானபோது, நல்ல மழையில், வீட்டு வேலியோரம் ஒரு கொல்லாங்கொட்டையை ஊன்றினேன். பிள்ளை பிறந்தால் தேரியில் ஒரு மரம் வைப்பது எங்கள் குடும்ப வழக்கம். எனக்கும் அங்கே ஒன்று நிற்கிறது. கன்று சாண் உயரம் வந்திருந்தது. ஒரு காலை, வேலிக்கு அடுத்த பக்கம் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரி டோனா அமினா கைதட்டாமல், லிசென்சா சொல்லாமல், நேராக உள்ளே வந்து அதன் முன்னால் நின்றார்.

"யார் நட்டது?" என்று போர்ச்சுக்கீசில் கேட்டார்.

"நான்தான். மீனாவின் மரம்" என்றேன், பெருமையாக.

"எத்தனை நாளைக்கு?"

"என்றைக்கும்."

அவர் வந்த வழியே திரும்பிப் போனார். மாலையில் ஆள் வந்து சொன்னான், மழை முடிந்ததும் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு வீடு பிடித்துவிடலாம். ஆனால் மீனா கண் விழித்ததும் ஓடுவது அமினா வீட்டுக்குத்தான். அவர் கையால் மரவள்ளிக் கிழங்கு தின்றுதான் அவள் வளர்ந்தாள். அடுத்த நாள் வேலியிடுக்கில் முள்ளை வைத்து அடைத்திருந்தார்கள். பிள்ளை முள்ளுக்கு இந்தப் பக்கம் நின்று "தியா, தியா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தியா என்றால் அத்தை. அதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

செல்விதான் விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு என்ன கிறுக்கா? அடுத்தவங்க மண்ணுல மரம் வைப்பாவளா? உங்க அய்யா வைக்க விட்டாரா?"

விடவில்லை. அப்பா தேரியில் ஒரு துண்டு நிலத்தை ஒருவருக்குக் கடலை போடக் கொடுத்திருந்தார். ஒருநாள் அவர் வரப்போரம் ஒரு முருங்கைக் கம்பை நட்டுவிட்டார். அப்பா நிதானமாகப் போய் அதைப் பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்தார். "அண்ணாச்சி, கடலை போடும், கிழங்கு போடும். மரம் வேண்டாம். நட்டவன் மரத்தக் கேப்பான், மரம் மண்ணக் கேக்கும்" என்றார். பக்கத்தில் நின்று கேட்டவன் நான். ஊரில் தெரிந்த நியாயம் கடல் தாண்டியதும் எனக்கு மறந்துபோயிருக்கிறது.

அன்றைக்கே இருவரும் அமினா வேலிக்கு வெளியே நின்று கைதட்டினோம். வெகுநேரம் நிற்க வைத்தார். என் போர்ச்சுக்கீசு கிட்டங்கியோடு சரி. செல்வி அடுப்படியில் பழகிய மக்குவாவில் பேசி, எனக்குத் தமிழில் சொன்னாள்: "வெள்ளக்காரன் காலத்துல ஒரு பண்ணைக்காரன் இவுங்க அம்மா மண்ணுல நெழலுக்குன்னுதான் நாலு மரம் வச்சானாம். அப்புறம் மரம் என்னுது, மண்ணும் என்னுதுன்னுட்டானாம். அத மீட்க இவுங்க அம்மா பாதி ஆயுசு அலைஞ்சிருக்காவ. இங்கன மண்ணு அம்மாட்ட இருந்து மகளுக்குத்தான் போவுமாம். இப்ப மண்ணு விவகாரத்துக்குப் பெரியவரான இவுங்க தாய்மாமன் வந்து, இந்தியாக்காரனுக்கு மண்ண வித்துட்டியான்னு கேட்டாராம்."

நான் தலைகுனிந்து, கன்றைப் பிடுங்கிவிடுகிறேன் என்றேன். அமினா எழுந்தார். பிள்ளை பேரில் வைத்த உயிரைப் பிடுங்கக்கூடாது என்றார். மறுநாள் தாய்மாமனை அழைத்துவந்து, அவர் கண் முன்னால், கன்றை வேர்மண்ணோடு எடுத்து அதே குழியில் தன் கையால் திரும்ப நட்டார். இப்போது மரம் அமினாவுடையது. மாமன் தலையசைத்ததும் அமினாவே போய் வேலி முள்ளை இழுத்துப் போட்டார், வீட்டைக் காலி செய்யும் பேச்சும் அதோடு போயிற்று. கடைசியில் ஒரு நிபந்தனை சொன்னார். காய்த்தால் பழம் மீனாவுக்கு, கொட்டையை மட்டும் மரத்தடியில் வைத்துவிட வேண்டும். செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் துடைக்காமலே நின்றேன்.

இந்த வருடம்தான் முதல் காய்ப்பு. மீனாவுக்கு ஏழு வயது. போன வாரம் சிவந்த பழம் ஒன்றைக் கடித்துச் சட்டையெல்லாம் கறையாக்கிக்கொண்டு, கொட்டையைத் திருகி மரத்தடியில் வைத்தாள். பழம் ஒரு நாளில் அழுகிவிடும், அது எங்கேயும் பயணம் போகாது. கொட்டைதான் கப்பலேறும்.

"இது எங்க போவும்ப்பா?"

"தூத்துக்குடிக்கு."

"அங்கன யாரு மண்ணுல வைப்பாவ?"

அங்கே உடைத்து வறுத்துவிடுவார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "நம்ம மண்ணுல" என்றேன்.

அவள் குனிந்து காலடியைப் பார்த்தாள். "அப்ப இந்த மண்ணு?"

அமினா வந்து அந்தக் கொட்டையை எடுத்துத் தன் இடுப்பில் சுற்றிய கபுலானாத் துணியின் ஓரத்தில் முடிந்துகொண்டு, மீனாவின் வாயைத் துடைத்துவிட்டார்.