அனுப்பாத ஒரு வரி

சனிக்கிழமை காலைகளில் புனேவின் பாணேர் பகுதியில் என் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து அடுத்தவர் எழுதிய கணினி நிரலில் குற்றம் கண்டுபிடிப்பது என் வழக்கம். செல்பேசிக்கு வரும் செய்திகளைத் தமிழில் வாசித்துக் காட்டும் ஓர் இலவச மென்பொருள். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம்; என்னைப் போன்ற நாலைந்து பேர் பார்த்துச் சரி சொன்னால்தான் அது உள்ளே சேரும். சம்பளம் கிடையாது, அதிகாரம் உண்டு. அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது.

போன கோடையில் ஒரு திருத்தம் வந்தது. அனுப்பியவர் போசரி தொழிற்பேட்டையில் சி.என்.சி. லேத், அதாவது கணினி இயக்கும் கடைசல் இயந்திரம், ஓட்டுபவர்; மூன்று தலைமுறையாகப் புனேவில் இருக்கும் தமிழ்க் குடும்பம். சர்க்கரை நோயில் அவர் மனைவிக்குப் பார்வை போய்விட்டது. நாசிக்கில் படிக்கும் மகள் அம்மாவுக்குப் பாதி தமிழிலும் பாதி மராத்தியிலும் எழுதுவாள். மராத்தி எழுத்து வந்தால் எங்கள் மென்பொருள் வாயை மூடிக்கொள்ளும். அந்த ஓட்டையைத்தான் அவர் அடைத்திருந்தார். "பொண்ணு எழுதுறத அவ அம்மாவே கேக்கணும் சார். பக்கத்து வீட்ல போய் ஃபோன நீட்டக் கூடாது" என்று கீழே ஒரு குறிப்பு.

நான் பதினோரு குறை சொன்னேன். இடைவெளி கூடாது, இந்தப் பெயர் ஆகாது, அது இது. பதினொன்றையும் ஒரே வாரத்தில் சரிசெய்துவிட்டார். எனக்கே கொஞ்சம் வெட்கமாயிற்று. "அருமை. இது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு சோதனை நிரல் மட்டும் எழுதிச் சேர்த்துவிடுங்கள், உடனே ஏற்றுக்கொள்கிறேன்" என்று தட்டிவிட்டு மடிக்கணினியை மூடினேன்.

பதில் வரவில்லை. முப்பது நாள் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கும் திருத்தங்களை எங்கள் தானியங்கி மூடிவிடும். இதையும் மூடியது. எல்லாம் ஆரம்ப சூரத்தனம் என்று முணுமுணுத்துக்கொண்டு மறந்துபோனேன்.

தீபாவளி கழிந்து வேறொருவர் அதே குறையைச் சொன்னதால் பழைய பக்கத்தைத் திறந்தேன். என் கடைசி வரிக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு சின்ன முத்திரை: நிலுவையில். எழுதி முடித்தபின் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் அது மற்றவருக்குத் தெரியும். நான் அழுத்தவே இல்லை. ஐந்து மாதமாக அந்த வரி என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

சோதனையை நானே எழுதினேன். பத்து நிமிட வேலை. திருத்தத்தைச் சேர்த்துவிட்டு, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, என் எண்ணையும் அவருக்கு அனுப்பினேன். மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"அச்சா, சேந்துடுச்சா சார்? நல்லது. என் சம்சாரம் மழைக்காலத்துலயே போயிட்டா."

அவரே தொடர்ந்தார்.

"பொண்ணு மெசேஜெல்லாம் நான் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து படிச்சுக் காட்டுவேன். அது வரைக்கும் ஃபோன மடியில வெச்சுட்டு உக்காந்திருப்பா."

"நீங்க எழுதுனது நல்லாத்தானுங்க வேலை செஞ்சுது. அவங்க ஃபோன்ல அப்பவே போட்டுக் குடுத்திருக்கலாமேங்க?" என்று கேட்டேன். பழியில் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளிவிடப் பார்த்தேன், அதுதான் உண்மை.

"எப்படி சார்? எங்க லேத் ஷாப்ல மொத பீஸ இன்ஸ்பெக்டர் பாத்து ஓகே சொல்லாம ரெண்டாவது பீஸ் ஓட்ட மாட்டோம். நீங்க ஒண்ணும் சொல்லல. எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்னு நெனச்சு, அவ போற வரைக்கும் தேடிட்டே இருந்தேன்."