இரண்டு பக்கமும் ஓடிய ஆறு

காலையில் ஆற்றோடு போன அண்ணியின் பச்சைச் சேலை, பிற்பகலில் தானாகவே திரும்பி வந்து துவைகல்லில் ஒட்டிக் கிடந்தது. அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் லிங்கி ஆற்றோர ரப்பர் தோட்டத்துக்கு அவர் கப்பலேறி வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஊரில் அவர் பார்த்ததெல்லாம் கண்மாய்தான். "கீழ போனது மேல எப்படி வரும் புள்ள?" என்று என்னைக் கேட்டார். அங்கேயே வளர்ந்து, ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதே இல்லை.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. நாங்கள் குடியிருந்த லயத்துக் கிணறு வற்றியதும் எல்லாரும் ஆற்றுக்குக் குடம் தூக்கினோம். ஒரு வேளை தண்ணீர் நன்றாயிருக்கும். மறுவேளை கரிக்கும், சோற்றை வாயில் வைக்க முடியாது. கங்காணியின் மனைவி சேலைக் கதையை மறக்கவில்லை. "இவ சேலைய புடிச்சிக்கிட்டு வந்த ஏதோ ஒண்ணுதான் ஆத்தக் கெடுக்குது" என்றார். அதன்பின் அண்ணி துறையில் இறங்கினால் மற்றப் பெண்கள் கரையேறிவிடுவார்கள். ஆற்றுப் பக்கமே போகாதே என்று அண்ணனும் சொல்லிவிட்டார். அண்ணி அழுதார். ஆனால் அந்தக் கேள்வியை விடவில்லை.

வேலையில்லாத ஒரு நாள் அண்ணனுக்குச் சொல்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு ஆற்றோடு நடந்தார். ரப்பர் மரங்கள் முடிந்து, தண்ணீருக்குள்ளேயே முளைத்த குட்டைப் பனைகள் வந்தன. பிறகு வெறும் சேறு. வழியில்லாமல் நின்ற எங்களை, நண்டு பிடிக்க வந்த ஒரு மலாய் அம்மா தன் சம்பான் படகில் ஏற்றிக்கொண்டார். வளைவுக்கு வளைவு ஆறு அகன்றது. அண்ணி ஒவ்வோரிடத்திலும் நீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கடைசி வளைவில் கடல் தெரிந்தது. தண்ணீர் சற்று நேரம் அசையாமல் நின்றது. எங்களைக் கடந்து கடலை நோக்கிப் போன ஒரு மட்டை மெல்லத் திரும்பி எங்களிடமே வந்தது. "பாசாங்" என்றார் அந்த அம்மா.

"யாரு பாசாங்கு பண்றா?" என்று அண்ணி திகைத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடல் ஏறுவதற்கு மலாயில் அதுதான் சொல் என்றேன்.

"அப்ப பேயுமில்ல, ஒண்ணுமில்ல. மழ இல்லாம ஆத்துக்குத் தள்ள பெலமில்ல, கடலு நம்ம துறைக்கே வந்திடுது" என்றார். ஏறிய கடல்நீர் எங்களை மேலே தள்ளிக்கொண்டு வந்தது. துடுப்புக்கு அதிக வேலையில்லை.

மறுநாள் துறையில் அண்ணி, "தண்ணி நல்லா எறங்கட்டும், அப்புறம் மொள்ளுங்க" என்றார். யாரும் கேட்கவில்லை. அவர் மட்டும் காத்திருந்து, கரிக்காத தண்ணீரோடு வீடு வந்தார். அண்ணன் குடித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒரு குவளை கேட்டார்.

சில நாளில் கங்காணியின் மனைவியே வெறுங்குடத்தோடு வந்து, அண்ணியின் முகத்தைப் பார்க்காமல், "இப்ப மொள்ளலாமா?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கக்கா" என்று அண்ணி தன் பக்கத்தில் இடம்விட்டார். பின்னால் வந்த பெண்களும் உட்கார்ந்தார்கள். ஆறு இறங்குவதைப் பார்த்தபடி, "இம்புட்டு கடலும் எறங்கி எங்கதான் போவுது?" என்றார் அண்ணி.

"அதையும் போயி பாத்துட்டு வந்துடாதடி" என்றார் கங்காணியின் மனைவி.