பத்து லட்சத்து மூன்று

“வகுபடாத நம்பரைக் கட்டிகினு மாரடிக்கிறியே, அத்த வெச்சி இன்னா பண்ணப் போற?” என்று அப்பா கேட்டார். நான் அப்போது பிளஸ் ஒன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

பூந்தமல்லிக்கு வெளியே ஒரு ஹாலோ பிளாக் களத்தில் அப்பா கல் அடுக்கினார். ஞாயிற்றுக்கிழமை சோறு கொண்டுபோனால் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போடுவேன். ஏழு இலக்கத்தில் மிகச் சிறிய பகா எண் பத்து லட்சத்து மூன்று என்று புத்தகத்தின் ஓரத்தில் ஒரு வரி இருந்தது. நானே பார்த்துவிடுவதென்று ஒவ்வொரு பகா எண்ணாலும் அதை வகுத்து வந்தேன். ஒவ்வொரு முறையும் மீதி வந்தது.

“அத்தினி கல்லு கீதுன்னு வெச்சிக்க நைனா. எப்படி அடுக்கினாலும் வரிசை சமமா நிக்காது.”

“ஆயிரத்துக்கு ஆயிரம் அடுக்கு. மூணு கல்லை உடைசல்ல தள்ளு. முடிஞ்சிது.” களத்தில் அதுதான் வழக்கம்.

“தள்ள முடியாது. அந்த மூணுதான் விஷயமே.”

“சரி, இப்ப எதால வகுக்கிற?”

“ஆயிரத்து முப்பத்தொண்ணு.”

“ஆயிரத்தைத் தாண்டி ஏன் போற? இந்தாண்ட நின்னு பாத்தா நீளம், அந்தாண்ட நின்னு பாத்தா அகலம். அடுக்கு ஒண்ணுதானே? நீளம் ஆயிரத்தைத் தாண்டினா அகலம் ஆயிரத்துக்குள்ள வந்துடும். அதான் பாத்துட்டியே.”

“உனக்கு இன்னா தெரியும், சும்மா இரு.”

சிமெண்ட் கலக்கிக்கொண்டிருந்தவர் சிரித்தார். “பொண்ணு வாத்தியாரம்மா ஆனா உன்ன கேட்லயே நிறுத்திடும், அண்ணாத்தே!” அப்பாவும் சிரித்தார். கை கழுவிவிட்டு வெயிலுக்குள் போனார். நான் இன்னும் இரண்டு வாரம் வீணாக வகுத்தேன்.

கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம் பேராசிரியை கரும்பலகையில் எழுதிய நிரூபணம் அப்பா சொன்னதேதான். வர்க்கமூலத்தைத் தாண்டி வகுக்கத் தேவையில்லை. பேருந்தில் வரும்போது அப்பாவிடம் சொல்லிவிடுவது என்றே இருந்தேன். வீட்டில், “இன்னிக்கு இன்னா பட்ச்ச?” என்று கேட்டார்.

“சொன்னா புரியாது நைனா.”

அப்புறம் அவர் கேட்கவேயில்லை. நானும் சொல்லவில்லை. போன ஆடியில் நெஞ்சுவலியில் இறந்துபோனார்.

அந்த எண்ணைப் பற்றி இன்று எனக்கு இன்னும் தெரியும். நான்கால் வகுத்தால் மூன்று மிஞ்சும். அதனால் அதை இரண்டு சதுர அடுக்குகளாகக்கூடப் பிரித்து வைக்க முடியாது. இதைக் கேட்டால் அப்பா ஏதாவது சொல்லியிருப்பார். என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை.

ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்காணலில், ஓர் எண் பகா எண்தானா என்று எதுவரை சோதிக்க வேண்டும், ஏன் என்று கேட்டார்கள். கல் அடுக்கை வரைந்து, நீளம் அகலம் என்று விளக்கினேன். எந்தப் புத்தகம் என்று ஒருவர் கேட்டார்.

“எங்கப்பா சொன்னதுங்க. கல் அடுக்கிக்கிட்டு இருந்தார்.”

இடம் கிடைத்தது. போன திங்கட்கிழமை சேர்ந்துவிட்டேன்.