மத்தி மெலிந்த வருஷம்

1. தட்டோடு வந்தவர்

கோவிந்தண்ணன் வறுத்த மீனைத் தட்டோடு தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மெஸ் நடத்துகிறவர். கடையில் அப்போது நாலைந்து பேர் மீன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே தட்டை மீன் அறுக்கும் கட்டையின் மேல் வைத்தார்.

"என்ன மேரிம்மா, இது மத்தியா, காஞ்ச வாழை மட்டையா? கல்லுல போட்டா ஒரு பொட்டு எண்ணெய் வுடல. எத்தன நாளா ஐஸ்ல வெச்சிருந்தீங்க?"

"காலையில வந்த லோடுதாங்கண்ணா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எங்கிட்டயேவா? நானும் இவ்ளோ வருஷமா கல்லு முன்னால நிக்கறேன். நல்ல மீனுன்னா தன் எண்ணெயிலேயே வேகணும். நாளைக்கும் இப்படியே வந்தா நான் சேலத்துல வாங்கிக்கறேன்."

வாங்க வந்தவர்களில் இரண்டு பேர் பையை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இதில் எனக்கு என்ன பயம் என்று சொல்லிவிடுகிறேன். மங்களூர் பக்கத்திலிருந்து வரும் லாரி, என் கடைக்கு இறக்கும் பெட்டிகளில் பாதி அவருடைய மெஸ்ஸுக்குத்தான் போகும். அவர் நிறுத்திவிட்டால், மீதிப் பாதிக்காக லாரி என் கடையில் நிற்காது. லாரி நிற்காவிட்டால் கடை இல்லை.

கடலே இல்லாத எங்கள் ஊருக்கு இரண்டு கடலிலிருந்தும் மீன் வருகிறது. கிழக்கே மீன்பிடித் தடைக்காலம் என்றால் மேற்கிலிருந்து எடுப்போம். மேற்கே தடை என்றால் கடலூர் பக்கம் கேட்போம். மத்தி மட்டும் எப்போதும் மேற்கிலிருந்துதான் எடுப்பேன். ஆடி ஆவணி மழை முடிந்து புரட்டாசியிலிருந்து அதற்குக் கொழுப்பு ஏறும். ஐப்பசியில் எண்ணெய் சொட்டும். எங்கள் ஊர்க்காரர்கள் மத்தியை எண்ணெய் விடாத கல்லில்தான் சோதிப்பார்கள். எண்ணெய் கசிந்தால் புதுசு, கசியாவிட்டால் பழசு. அந்த ஐப்பசியில் ஒன்றுமே கசியவில்லை.

2. வழுக்காத கை

அவர் போன பிறகு மீதி மீனைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். செவுளைத் தூக்கிப் பார்த்தேன், சிவப்பாகத்தான் இருந்தது. கண் தெளிவு. வயிறு இறுக்கம். மத்தி பழசானால் முதலில் வயிறுதான் வெடிக்கும். இதில் ஒன்றுகூட வெடிக்கவில்லை.

ஆனால் வேறொன்று உறைத்தது. வழக்கமாக ஐப்பசி மத்தியை அறுத்தால் குடலோடு ஒட்டி வெள்ளைக் கொழுப்பு இருக்கும். கத்திப்பிடி வழுக்கும். கட்டையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தால்தான் பிசுக்கு போகும். அன்றைக்கு வெறும் தண்ணீரிலேயே கை சுத்தமாகிவிட்டது. மீனின் வயிற்றிலும் தீனி இல்லை. இது பழைய மீன் இல்லை, பட்டினி கிடந்த மீன்.

நான் போனில் அதிகம் பேசுகிறவள் இல்லை. பெட்டி எத்தனை என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அன்றைக்குத் துறைமுகத்தில் இருக்கும் ஏஜென்டைக் கூப்பிட்டு, மத்தி ஏன் இப்படி மெலிந்திருக்கிறது என்று கேட்டேன். அவர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"ஏனு மாடோது, என்ன செய்யறது அக்கா, கடல் சூடாயிருக்கு. மழைக்காலத்துல காத்து நல்லா அடிச்சா அடியில இருக்கற குளிர்ந்த தண்ணி மேல ஏறி வரும். அதோடதான் மீனுக்குத் தீனி வரும். கண்ணுக்கே தெரியாத பாசிதான் தீனி. அது பெருகினா மத்தி பெருகும். இந்த வருஷம் காத்தும் சரியில்ல, தண்ணியும் ஆறல. பாதி மீன் குளிர்ச்சி தேடி எங்கேயோ போயிடுச்சு. இங்க நின்னது மெலிஞ்சிடுச்சு."

"அப்ப எந்த மீனு நல்லா இருக்கு?"

"கிளாத்தி எடுத்துக்கோங்க. வலையில நிறைய படுது. உங்க பக்கம் யாரும் கேக்கறதே இல்ல."

3. தெர்மாகோல் மூடி

மறுநாள் ஒரு பெட்டியின் தெர்மாகோல் மூடியில் பெரிய எழுத்தில் எழுதிக் கடை முன்னால் சாய்த்து வைத்தேன்: 'மத்தி மெலிசு. ஆனால் புதுசு. குழம்புக்கு எடுங்கள், கல்லுக்கு வேண்டாம்.' ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்ல எனக்கு வராது.

"தன் சரக்குக்குத் தானே குறை எழுதி வெச்ச ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்று பக்கத்துக் கோழிக் கடைக்காரர் சிரித்தார். எழுதியது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு நாலு மத்தியும், ஏஜென்டிடம் சொல்லி வரவழைத்த இரண்டு கிளாத்தியும் எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனேன். கோவிந்தண்ணன் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணா, செவுளைப் பாருங்க. வயித்தை அமுக்கிப் பாருங்க. அப்புறம் பழசுன்னு சொல்லுங்க."

பார்த்தார். அமுக்கினார். "சரி, புதுசுதான். எண்ணெய் எங்க போச்சு?"

"தின்னாத்தானேங்க கொழுப்பு வெக்கும்? நம்ம ஊர்ல மழை பொய்ச்சா மாடு மெலியறதில்லையா? கடல்லயும் அதேதான். சேலத்துக்கு வர்றதும் இதே மத்திதாங்க. அங்க எண்ணெய் மீனுன்னு யாராவது குடுத்தா, அதைத்தான் நீங்க சந்தேகப்படணும்."

அவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசியதே இல்லை. அவர் கிளாத்தியை எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

"இது என்னம்மா, தோல் இவ்ளோ தடிப்பு? கொழம்பு வெக்கவா, செருப்பு தைக்கவா?"

நான் அங்கேயே தோலை உரித்துக் காட்டினேன். உள்ளே வெள்ளைச் சதை, முள் குறைவு. அவர் மனைவி வாங்கிக் குழம்பில் போட்டார். மதியம் சாப்பிட வந்த டிரைவர் ஒருவர், "கோழியாண்ணா இது?" என்று கேட்டாராம். சாயங்காலம் கோவிந்தண்ணனே போன் செய்தார். "நாளைக்குக் கிளாத்தி ரெண்டு பெட்டி. உரிச்சுத்தான் அனுப்பணும், சொல்லிட்டேன்."

லாரி தொடர்ந்து என் கடையில் நின்று போனது.

4. இப்போது

அன்றிலிருந்து போன் எடுத்தால் விலைக்கு முன்னால் கடலைத்தான் கேட்கிறேன். காற்று எப்படி, தண்ணீர் ஆறியதா, மீன் வயிற்றில் தீனி இருக்கிறதா. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். கடலைப் பார்க்காத ஊரில் மீன் விற்கிறவர், கடல் நிலவரத்தையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். ஒரு மீன் மெலிந்தால் அதை மறைக்க வேண்டாம். ஏன் மெலிந்தது என்று சொன்னால் ஜனங்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் காற்றும் மழையும் நன்றாக இருந்தன. புரட்டாசியிலேயே மத்தி கொழுத்து வந்தது. புரட்டாசி முழுக்க மெஸ்ஸில் மீன் கிடையாது. கோவிந்தண்ணன் நெற்றியில் நாமத்தோடு கடை ஓரமாக நின்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இப்பத்தானா இது வரணும்?"

"நம்ம மாசம் கடலுக்குத் தெரியாதுங்கண்ணா" என்றேன். கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.