பெண்கள் வார்டுக்கு வெளியே

"கூட பொம்பள ஆள் யாரும் இல்லையா?"

என் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று இந்தக் கேள்வியை நான்கு பேர் கேட்டார்கள். சீட்டு எழுதியவர், ஸ்ட்ரெட்சர் தள்ளியவர், நர்ஸ், கடைசியாகப் பெண்கள் வார்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த செக்யூரிட்டி. குடையை மறந்து வந்தவனைக் கேட்பது போலக் கேட்டார்கள். இல்லை என்றேன். எங்களுக்கு ஒரே மகன். கல்யாணம் ஆகவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை. அப்படியானால் யாரையாவது ஏற்பாடு பண்ணுங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை ஆண்கள் பார்க்கலாம். மற்ற நேரத்தில் நான் வெளியே.

பக்கவாதத்தில் அவளுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. அதுதான் என்னை அரித்தது. எல்லாம் தெரிகிறது, எதையும் சொல்ல முடியவில்லை. நான் சாதாரண நாளிலேயே பயந்தவன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் சாவுச் செய்தி என்றுதான் எடுப்பேன். வார்டு வாசலில் நின்றுகொண்டு, உள்ளே ஒரு தட்டு கீழே விழுந்தால்கூட அவள்தான் விழுந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பெண்கள் படுத்திருக்கிற இடத்தில் ஆண் கூடாது என்பது நியாயம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் பொம்பளை இல்லாதவன் என்ன செய்வான் என்று அந்தச் சட்டம் போட்டவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே. எல்லா வீட்டிலும் ஒரு பொம்பளை சும்மா உட்கார்ந்திருப்பாள், கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்ற கணக்கில் அல்லவா ஆஸ்பத்திரியையே நடத்துகிறார்கள்.

ஏனாத்தூரில் காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்தும் என் தங்கை இரண்டு நாள் வந்து இருந்தாள். மூன்றாம் நாள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவள்மேல் கோபப்பட்டேன். அது தப்பு. அவளும் சும்மா இருப்பவள் அல்ல. பக்கத்துக் கட்டிலில் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் பெண், நான் பார்த்துக்கிறேன்ணா, கவலைப்படாதீங்க என்றாள். இரண்டு நோயாளி, இருக்கிறது அவளுக்கு இரண்டு கை.

நாலாம் நாள் காலை வெந்நீர் பிடிக்க வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"அண்ணே, உங்க ஊட்டுக்காரம்மா விடிஞ்சதுலேர்ந்து கட்டில் கம்பிய தட்டிக்கினே இருக்குது. மூணு மூணா தட்டுது. தூங்க முடியலன்னு மத்தவங்க சொன்னாங்க. சிஸ்டர் வந்து அந்தக் கைய கட்டிட்டாங்கணா."

"மூணு மூணாவா?" என்று கேட்டேன்.

நாங்கள் பட்டு நெய்கிறவர்கள். சேலையின் கரை வேறு நிறம், உடல் வேறு நிறம் என்றால் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். நடுவில் நான், கரைப் பக்கம் அவள். கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம், கத்தினாலும் காதில் விழாது. அதனால் மரத்தைத் தட்டித்தான் பேசிக்கொள்வோம். ஒரு தட்டு என்றால் இழையைப் போடு. இரண்டு என்றால் நிறுத்து. மூன்று என்றால் எங்கேயோ இழை அறுந்திருக்கிறது, தேடு.

நான் உள்ளே போய்விட்டேன். செக்யூரிட்டி சட்டையைப் பிடித்தார், பாக்கெட் கிழிந்தது. அவளுடைய இடது கை, இருக்கிற ஒரே கை, பேண்டேஜ் துணியால் கம்பியோடு கட்டியிருந்தது. பட்டில் விழுந்த சிக்கை நகத்தால் எடுக்கிறவன் நான். அந்த முடிச்சு எனக்குப் பிடிபடவில்லை.

"யாருங்க உங்கள உள்ள விட்டது?" என்றபடி நர்ஸ் வந்தார். மூக்கில் போட்ட குழாயைப் பிடுங்கிவிடுவார்கள் என்றுதான் கட்டியதாகச் சொன்னார்.

"புடுங்கலம்மா. இழை அறுந்துச்சுன்னு சொல்லுது."

"ஐயா, இது தறி இல்ல. ஆஸ்பத்திரி."

யாரோ சிரித்தார்கள். நான் அவிழ்த்துவிட்டேன். உடனே அவள் மூன்று தட்டினாள்.

அறுந்த இழையை எப்படித் தேடுவேனோ அப்படித் தேடினேன். தலைமாட்டிலிருந்து ஆரம்பித்தேன். முகம், மூக்குக் குழாய், கழுத்து. கழுத்துவரை போர்த்தியிருந்த போர்வையை விலக்கினேன். வலது கை முழங்கைவரை வீங்கிப் பளபளவென்று இருந்தது. டிரிப்ஸ் நரம்பைவிட்டு விலகி, மருந்தெல்லாம் சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. விழுந்த கைதானே, அசையாது என்று அதில் ஊசி போட்டிருக்கிறார்கள். அசையாத கைக்கு வலி இருக்காது என்று யார் சொன்னது? விடிந்ததிலிருந்து அவள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். சொன்னதற்குக் கூலியாகக் கையைக் கட்டினார்கள்.

என் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றுதான் எனக்கே தெரியும். நர்ஸ் ஓடிவந்து பாட்டிலை நிறுத்தி ஊசியை எடுத்தார். சின்னப் பெண். முகம் செத்துப்போயிருந்தது. அந்த ஒரு பெண் எத்தனை கட்டிலுக்கு ஓட வேண்டும் என்று பார்த்தால் அவர்மேல் கோபப்பட முடியாது. ஆனாலும் கோபப்பட்டேன். பெரிய நர்ஸ் வந்து முதலில் வெளியே போங்கள் என்றார்.

"போறேம்மா. போலீஸ வேணும்னாலும் கூப்புடுங்க. ஆனா இவ கை என்ன சொல்லுதுன்னு கத்துக்கினு ஒரு ஆள இங்க உக்கார வையுங்க. அப்புறம் போறேன்."

நீங்களே இருக்க வேண்டுமானால் அனுமதி கேட்டு எழுதிக் கொடுங்கள் என்றார் அவர். நான் ஏழாவதோடு நின்றவன். பக்கத்துக் கட்டில் பெண் சொல்லச் சொல்ல எழுதினேன். அவளே ஒவ்வொரு கட்டிலாகப் போய், நான் உள்ளே இருந்தால் பரவாயில்லையா என்று மற்றவர்களைக் கேட்டாள். ஒரு அம்மா மட்டும் கூடாது என்றார். அவர் மகளுக்கு உடம்பில் துணி தங்காத நிலைமை. அவர் சொன்னதும் சரிதான். கடைசியில் என் மனைவியின் கட்டிலைக் கதவோரம் தள்ளி, ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு மடக்குத் திரையைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தத் திரை புதிதாக வாங்கியதல்ல. முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது, தூசி படிந்து. அதைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் பதினோரு நாள் இருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, குழாயில் கஞ்சி விடுவது, உடம்பு துடைப்பது, எல்லாம் அந்தச் சின்ன நர்ஸ்தான் சொல்லிக் கொடுத்தார். கூட இருப்பவர்கள் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் கிடையாது. ஒன்றுக்குப் போக வேண்டுமானால் இரண்டு மாடி இறங்க வேண்டும். ஒருநாள் படிக்கட்டில் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் நினைவு வந்தது. என் அம்மா இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தபோது இவள்தான் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். எங்கே சாப்பிட்டாய், எங்கே படுத்தாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. சாயங்காலம் போய் நின்று, எப்ப வருவ, தறி நிக்குது என்றுதான் கேட்டேன். செக்யூரிட்டியிடம் கத்தினேன், நர்ஸிடம் கத்தினேன். இதற்கு யாரிடம் கத்துவது?

வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. மூக்குக் குழாய் எடுத்தாயிற்று. வருகிறவர்கள் எல்லோரும் என்னைப் புகழ்கிறார்கள். போன வாரம் திருப்புட்குழியிலிருந்து பெரியப்பா மகள் வந்தாள், எனக்கு அக்கா முறை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தாள்.

"நீ குடுத்து வெச்சவமா. எந்த ஆம்பள இப்படிச் செய்வான்?" என்றாள் என் மனைவியிடம்.

இவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்கம்மாவ இவ பாத்துக்கினப்போ, எங்கம்மாகிட்ட இப்படிச் சொன்னியாக்கா?" என்று கேட்டேன்.

"அது மருமக செய்யறதுதானேப்பா."

"சரிக்கா, ஒரு மணி நேரம் இவகூட உக்காரு. நான் குளிச்சிட்டு மாத்திரை வாங்கிக்கினு வந்துடறேன். குளிச்சு ரெண்டு நாளாச்சு."

அக்கா போனில் மணி பார்த்தாள். நாலரை பஸ்ஸை விட்டால் அப்புறம் கூட்டமாக இருக்கும் என்றாள். இன்னொரு நாள் வந்து நிதானமாக இருக்கிறேன் என்றாள். போகும்போது, உடம்பப் பாத்துக்கோப்பா என்று எனக்குப் புத்தியும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆப்பிளைக் கூழாக்கினால்தான் என் மனைவியால் விழுங்க முடியும். நறுக்கி மிக்ஸியில் போட்டு ஓடவிட்டேன். அந்தச் சத்தத்தில் கேட்காது என்ற தைரியத்தில் அக்காவை, அக்காவின் பஸ்ஸை, ஆஸ்பத்திரியை, என்னையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். நிறுத்திவிட்டுத் திரும்பினால், வாயின் ஒரு பக்கத்தால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது.