அண்ணி மறந்துபோன முடிவு

அண்ணியிடம் பைண்டு செய்த ஒரு தொடர்கதை இருந்தது. வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்த பக்கங்கள். எங்கள் தீவின் மரைன் ஹில் பகுதியில் தமிழ் படிக்கத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போய்வந்து ஓரங்கள் மழுங்கியிருந்தன. கடைசி அத்தியாயங்கள் மட்டும் அதில் கிடையாது. அந்த வாரங்களின் இதழ்க்கட்டு கப்பலிலேயே நனைந்து கூழாகிவிட்டது. பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது அண்ணி அவற்றைப் படித்திருந்தார். ஆகவே முடிவைக் கேட்க எல்லோரும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். நான் அப்போது அண்ணன் வீட்டில் தங்கித் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்ணும் ஒரு மழைநாளில் அப்படி வந்தாள். கணவன் காய்ச்சலில் இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வீட்டைக் காலிசெய்ய வேண்டும். ஊருக்கு அழைத்துப்போக அவளுடைய அண்ணன் அடுத்த கப்பலில் வருவதாக இருந்தது. கதையின் நாயகியும் கணவனை இழந்தவள்தான்.

“கடைசில அவ என்னக்கா ஆனா?”

“பொறந்த வீட்டுக்குப் போகலைம்மா. அந்த ஊர்லயே வேலை தேடிக்கிட்டு இருந்துட்டா.”

அண்ணி கொடுத்த தேநீர் அவள் கையிலேயே ஆறிப்போனது.

கப்பலில் வந்த அண்ணனிடம், “ஜஹாஸ்ல நீங்க மட்டும் போங்கண்ணா” என்று சொல்லிவிட்டாளாம். வந்தவர் தனியாகத்தான் திரும்பினார். பஜாரில் ஓர் அறை பிடித்துக்கொண்டு, சிறு பிள்ளைகளுக்கான பள்ளியொன்றில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள்.

அடுத்த ஆண்டு, பத்திரிகை வரவழைக்கும் கடைக்கார பாய் ஊரிலிருந்து அந்தப் பழைய இதழ்களைத் தேடிக் கொண்டுவந்தார். படித்த அண்ணிக்கு முகம் வெளிறிவிட்டது. நாயகி அண்ணனோடு வண்டியேறிப் பிறந்த வீட்டுக்கே போய்விடுகிறாள்.

“அவ போகலைன்னுதான் நான் படிச்சேன்னு சத்தியமே பண்ணியிருப்பேன்” என்றார். நாயகி போகாமலிருக்க வேண்டுமென்று படித்தபோது விரும்பியிருக்கிறார். அந்த விருப்பமே நாளடைவில் கதையாகிவிட்டது.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அண்ணிக்கு மனம் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இதழ்களை எடுத்துக்கொண்டு பஜாருக்கு நடந்தார்; நானும் உடன் போனேன். அந்தப் பெண் எங்கள் எதிரிலேயே படித்து முடித்தாள். அண்ணி புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார்.

“அரே, நல்லவேளைக்கா! உங்களுக்குச் சரியா ஞாபகம் இருந்திருந்தா நான் இப்ப மெயின்லேண்ட்ல எங்க அண்ணிக்குப் பாத்திரம் தேச்சிட்டிருப்பேன்” என்று சிரித்தாள்.

அண்ணியும் சிரித்தார். ஆனாலும் அன்றிலிருந்து ஞாபகத்தை நம்புவதை விட்டுவிட்டார். அண்ணன் கொண்டுவந்த அலுவலக டைரி ஒன்றில், ஒரு புத்தகம் முடிந்தால் அதை மூடி வைப்பதற்குள் கதையை எழுதிவிடுவார். அடுத்த முறை வீட்டுக்கு வந்த அந்தப் பெண் டைரியைப் புரட்டிப் பார்த்தாள்.

“இது சரிக்கா. எப்படி முடிஞ்சிருக்கணும்னு நீங்க நெனைக்கிறதையும் கீழ எழுதுங்க. எனக்கு அதுதான் வேணும்.”

அந்த டைரிகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொரு கதைக்கும் அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே பென்சிலில் சில வரிகள். அந்தப் புத்தகங்களில் பலவற்றைப் பிற்பாடு நானும் படித்துவிட்டேன். எனக்கு நினைவில் நிற்பவை என்னவோ பென்சிலில் எழுதியவைதாம்.