கணுக்காலுக்கு மேல் நான்கு விரல்

கேட்காமலே யாராவது எனக்கு நல்லது செய்தால் இதில் என்ன உள்நோக்கம் என்றுதான் முதலில் பார்ப்பேன். கல்யாணமாகித் தாராவி வீட்டுக்கு வந்த வருஷம் ஓரகத்தி என் காலைப் பிடித்தபோதும் அப்படித்தான் பார்த்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். செம்பூரில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தூரமாகிற முதல் நாள் மாதாமாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவேன். வலி மாத்திரையை டப்பா டப்பாவாக அடுக்குகிறவளுக்கு அந்த மாத்திரை கேட்கவில்லை. இப்படிச் சுட்டி போட்டால் வேலையைப் பக்கா ஆக்க மாட்டோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். பம்பாய்ப் பேச்சில் சுட்டி என்றால் லீவு, பக்கா என்றால் நிரந்தரம்.

ஓரகத்தி, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவி, மாட்டுங்காவில் ஒரு குஜராத்தி வீட்டில் சமையல் செய்தாள். அந்த வீட்டம்மாவிடம் அக்குபிரஷர் கற்றுக்கொண்டாளாம். கணுக்காலின் உட்பக்கம், மேலே நான்கு விரல் அளந்து, எலும்போரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்துவாள். உயிர் போகும். கொஞ்ச நேரத்தில் வயிறு இளகும், நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். அவள் விரலால் நின்றதா, தானாகவே நின்றதா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான்.

அதைவிடப் பெரிய சந்தேகம் காலண்டர். அடுப்பங்கரைக் கதவின் பின்னால் தொங்கிய காலண்டரில், நான் தூரமான தேதிகளில் எல்லாம் பென்சில் புள்ளி இருந்தது. வைத்தவள் ஓரகத்தி. என் நாளை இவள் எதற்குக் குறிக்க வேண்டும்? 'இந்த மாசமும் இல்லை' என்று மாமியாரிடம் வத்தி வைக்கத்தான் என்று முடிவு செய்தேன். அவளுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை. எனக்கும் உண்டாகக் கூடாது என்று காத்திருக்கிறாள் என்றுகூட நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

பக்கா ஆக்க வேண்டியவர்களைக் கம்பெனியில் கூப்பிட்டுப் பேசுகிற நாள் வந்தது. அன்று வராதவள் பெயரை அடித்துவிடுவார்கள். காலையில் எழுந்ததுமே அடிவயிறு இழுத்தது. ஓரகத்தி முன்னால் காலை நீட்டினேன்.

"இன்னைக்கு வேண்டாம்ட்டி," என்றாள்.

"ஏன்க்கா?"

"வேண்டாம்னா வேண்டாம். சுட்டி போட்டுட்டுப் படு."

அவளுடைய தங்கை அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தாள். ஓகோ, என் இடத்தில் தங்கையை நுழைக்கத்தானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க ஒண்ணும் அமுக்க வேண்டாம், எனக்கே தெரியும்," என்று நானே நான்கு விரல் அளந்து கட்டைவிரலை வைத்தேன். அவள் பாய்ந்து வந்து என் கையைப் பிடுங்கித் தள்ளினாள். என் வளையல் உடைந்தது.

"ஏட்டி, உனக்குத் தூரமாயிருக்கா? வெறும் வலிதானே?"

அப்போதுதான் யோசித்தேன். வலி மட்டும்தான்.

என்னை அடுப்பங்கரைக் கதவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடைசிப் புள்ளியிலிருந்து எண்ணிக் காட்டினாள். பதினொரு நாள் தள்ளிப் போயிருந்தது. வேலைக் கவலையில் எனக்கே தெரியவில்லை.

"உண்டாயிருந்தா அந்த எடத்தைத் தொடக் கூடாதுன்னு அந்தம்மா பொறவுதான் எனக்குச் சொன்னாவ," என்றாள். "நாலு வருஷம் முந்தி எனக்கும் இப்படித்தான் வலிச்சுது. சமையலுக்குப் போவணும்லா, நானே அமுக்கிட்டுப் போனேன். சாயங்காலமே கலைஞ்சு போச்சு. அதனாலதானோ என்னவோ, யாருக்குத் தெரியும்? நாளைக் குறிச்சு வைக்க எனக்கு யாரு இருந்தா?"

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

அன்று நான் வேலைக்குப் போகவில்லை, பெயரை அடித்துவிட்டார்கள். எனக்கு ரெண்டாம் மாதம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகு காலண்டரில் என் புள்ளிக்கு வேலை இல்லை. ஓரகத்தி எந்த நாளில் சாமி விளக்கேற்றாமல் ஒதுங்குகிறாள் என்று பார்த்து, அவளுடைய தேதியில் நான் பென்சிலால் புள்ளி வைக்க ஆரம்பித்தேன். அவள் அதைப் பார்த்திருப்பாள். எதற்கு என்று ஒருநாளும் கேட்கவில்லை.